கோப்பு கை மாறும் இடத்துக்குத்தான் என் காசு

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்திருந்தார். கோவையில் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ஸ்டூடியோ போட்டிருக்கிறார்களாம். மொபைல் செயலிகளுக்கு டிசைன் செய்கிறார்கள், கடைகளுக்கு விளம்பர வீடியோவும் எடிட் செய்து தருகிறார்கள். "அக்கா, இந்த வருஷம் ஒண்ணுக்குத்தானுங்க காசு இருக்கு. பிரீமியர் சந்தா கட்டறதா, ஃபிக்மாவுல டெவலப்பருக்கு சீட் வாங்கறதா?" பிரீமியர் என்பது அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருள், ஃபிக்மா செயலித் திரைகளை வரைகிற மென்பொருள். சீட் என்றால் அதில் ஒரு ஆளுக்காகக் காசு கட்டி எடுக்கிற இடம். இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதே கேள்வியில் நான் தப்பான பக்கம் காசு போட்டு ஒரு வருஷம் அவதிப்பட்டவள்.

என் பதில் டெவலப்பர் சீட்தான். ஏன் என்று சொல்கிறேன்.

வீடியோவில் தப்பு நடந்தால் அது நம் அறைக்குள்ளேயே தெரிந்துவிடும். கட் சரியில்லை, ஒலி ஒட்டவில்லை என்றால் எடிட் செய்தவரே பார்த்து அன்றைக்கே சரி செய்துவிடலாம். டிசைன் அப்படி இல்லை. நாம் வரைந்ததை இன்னொருவர் செயலிக்கான நிரலாக, அதாவது கோட் ஆக எழுத வேண்டும். டிசைனர் கையிலிருந்து டெவலப்பர் கைக்கு அது போகும் அந்த இடத்தைத்தான் ஹேண்ட்ஆஃப் என்கிறோம். அங்கே சொல்லாமல் விட்டது அத்தனையையும் டெவலப்பர் ஊகித்துப் போட வேண்டியதுதான். ஊகம் தப்பு என்பது செயலி வெளியே போய் யாரோ ஒருவர் போனில் திறக்கும்போதுதான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பால் கொள்முதல் செய்கிற ஓர் இடத்துக்குத் தமிழில் ஒரு செயலி. திரைகளை ஃபிக்மாவில் செய்துவிட்டு, 'சீட்டுக்கு எதுக்குக் காசு' என்று ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாட்ஸ்அப் படத்தை அமுக்கி அனுப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். டெவலப்பர் தம்பி அந்தப் படத்தின் மேல் கலர் பிக்கரை (நிறத்தைத் தொட்டு எடுக்கிற கருவி) வைத்துப் பச்சையை எடுத்தார். நான் போட்டது ஒரு பச்சை, அவருக்குக் கிடைத்தது நாலு விதப் பச்சை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தில்தான் மோசம் போனோம். 14 அளவு எழுத்துக்கு வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு ஒதுக்குகிற உயரம், 22 கொடுத்திருந்தேன். அது படத்தில் தெரியாதே. அவர் ஆங்கிலத்துக்கு வழக்கமாகப் போடுகிற 16ஐப் போட்டு, பெட்டியின் உயரத்தையும் அதற்கேற்ப இறுக்கிவிட்டார். செயலியைத் திறந்தால் எழுத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. 'பால்' என்பதில் புள்ளி இல்லை, 'பால' என்று நிற்கிறது. 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்பிக்…' என்று மூன்று புள்ளியோடு முடிகிறது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற சொல்லுக்கு அளந்த பட்டன் அது. காலை ஐந்து மணிக்குக் கேனோடு வந்து நிற்கிறவர் கையில் இருக்கிற போனில் இது வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தும். அந்தத் தம்பி மேல் குற்றமே இல்லை. "அக்கா, லைன் ஹைட் எவ்வளவுன்னு சொல்லியிருந்தீங்கன்னா போட்டிருப்பேனுங்க" என்றார். நான் சொல்லவில்லை. சொல்வதற்கென்றே இருக்கிற கருவிக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் இருந்துவிட்டேன்.

டெவலப்பர் சீட் எடுத்தால் திறக்கிற ஃபிக்மா டெவ் மோட், ஜெப்ளின் போன்றவை இந்த வேலைக்காகவே வந்தவை. டெவலப்பர் ஒரு பட்டனைத் தொட்டால் அகலம், உள்ளிடைவெளி, ஃபான்ட் பெயர், வரி உயரம், நிறத்தின் ஹெக்ஸ் எண் (நிறத்தைச் சரியாகச் சொல்கிற குறியீடு) எல்லாம் கண்முன் வரும். எந்தத் திரை முடிந்தது, எது இன்னும் வேலையில் இருக்கிறது என்று குறித்து வைக்கலாம். போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்றும் பார்க்கலாம். டெவ் மோட் 2023 ஜூனில் வந்தபோது சோதனைக் காலம் என்று இலவசமாகக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கட்டணம். நிறையப் பேருக்குக் கோபம் வந்தது, எனக்கும்தான். ஆனால் ஒரு செயலியை இரண்டு தடவை செய்வதற்கு ஆகிற செலவோடு வைத்துப் பார்த்தபோது கோபம் அடங்கிவிட்டது. அந்தக் காசும் இல்லையென்றால் பென்பாட் என்கிற டிசைன் கருவி இருக்கிறது. திறந்த மூலம், அளவு பார்க்கிற வசதியும் உண்டு. வாட்ஸ்அப் படத்தை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

வீடியோ பக்கம் இப்படி நெருக்கடி இல்லை. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 3840 × 2160 வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியே எடுத்துக் கொடுக்கும். கலர் கிரேடிங் (நிறத்தைச் சீர்செய்வது), ஒலி எல்லாம் உள்ளேயே உண்டு. கட்டண வசதி எதையும் தொடாத வரை வாட்டர்மார்க் விழாது. கடை விளம்பரத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளிப் பிசிறைக் குறைப்பது) போன்ற சில வசதிகள் 'ஸ்டூடியோ' என்கிற கட்டணப் பதிப்பில்தான். அது 295 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும், மாதா மாதம் கிடையாது. குறையும் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் ரிசால்வ் திணறும். சில கேமராக்களின் 10 பிட் கோப்புகளுக்கு விண்டோஸ் இலவசப் பதிப்பில் படம் வராது. போனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும், அதை அப்படியே டைம்லைனில் போட்டால் ஒலி மெல்ல விலகிப் போகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு ஃபிரேம் ரேட்டை நிலையாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ரிசால்வில் ப்ராஜெக்ட் தனிக் கோப்பாக உட்காராது, உள்ளே இருக்கிற டேட்டாபேஸில் இருக்கும். வீடியோவை மட்டும் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸை மாற்றிப் போட்டால் எடிட் போய்விடும். வாரம் ஒரு தடவை ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

பொள்ளாச்சியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற என் சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டால் என்னோடு சண்டைக்கு வருவாள். அவள் பிரீமியருக்கு மாதா மாதம் கட்டுகிறாள். அவள் செய்வது சரி. அவள் வாங்குகிற டைட்டில் டெம்ப்ளேட் பிரீமியருக்கு வருகிறது, முகூர்த்த நாள் நெரிசலில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இரண்டு பேரும் பிரீமியரில் இருக்கிறார்கள். முன்னே அந்த வட்டாரமே எடியஸ் என்கிற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் இருந்தது, அவளும் எடியஸில்தான் இருந்தாள். அவளுக்குக் கை மாறும் இடம் அங்கே இருக்கிறது, அதனால் காசும் அங்கே போகிறது. தம்பிக்கு வீடியோ ஒரே ஆள் தொடங்கி அதே ஆள் முடிக்கிற வேலை. ரிசால்வில் செய்தாரா, பிரீமியரில் செய்தாரா என்று எந்தக் கடைக்காரரும் கேட்கப்போவதில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் இரண்டு பக்கமும் அடிபடுகிறோம். இன்றைக்கும் பல எடிட்டர்கள் டைட்டிலுக்குப் பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில்தான் தட்டுகிறார்கள். திரையில் அழகாக இருக்கும். அதே வரியை யூடியூப் வசனத்துக்கோ செயலிக்கோ நகலெடுத்துப் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். எல்லா இடத்திலும் படிக்கிற பொது எழுத்துமுறைதான் யூனிகோட். பிரீமியரில் அதில் தட்டினால் 'கொ' உடைகிறது என்பவர்கள் பிரெஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பக்கம் போய், தெற்காசிய எழுத்துக்கான எஞ்சினை மாற்றிப் பாருங்கள். டிசைனில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச ஃபான்டை எடுத்துக்கொண்டால் டெவலப்பரும் அதையே இறக்கிப் போட்டுவிடலாம்.

எந்தக் கருவியும் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். 2011இல் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவின் புதிய பதிப்பு வந்தபோது பழைய பதிப்பின் ப்ராஜெக்டுகளை அது திறக்கவே இல்லை. ஒரு காலத்தில் டிசைனர்கள் பலரும் வைத்திருந்த இன்விஷன் என்கிற டிசைன் கருவி 2024 டிசம்பர் 31 அன்று டிசைன் சேவையை மூடிவிட்டது. 2022 செப்டம்பரில் அடோபி 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப்போவதாக அறிவித்து, 2023 டிசம்பரில் கைவிட்டது. அது நடந்திருந்தால் தம்பி கேட்ட இரண்டு பில்லும் ஒரே முதலாளிக்குப் போயிருக்கும். நான் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஃபிக்மா கோப்பை இறக்கி, திரைகளைப் பிடிஎஃப்பாகவும், நிறம், எழுத்து அளவுகளை ஒரு ஷீட்டிலும் எழுதி வைக்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது.

தம்பி, நாலு பேரில் கோட் எழுதுகிறவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருந்து செய்து தருகிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தால் இரண்டு மாதம் பென்பாட்டில் ஓட்டிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்டுக்கொள்வார். வெளியே இருப்பவர் என்றால் இந்த மாதமே அவர் பேரில் சீட் எடுங்கள். எடுத்ததும் முதல் வேலையாக ஒரு தமிழ்த் திரையை அவருக்கு அனுப்பி, அவர் செய்ததை விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனில் திறந்து, புள்ளியெல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.