"அந்தச் சேர்ல உட்காராதீங்க, மிட்டு இருக்கான்"

மூன்றரை வயதுக் குழந்தை காலி நாற்காலியைக் காட்டி இப்படிச் சொன்னதும் சிலர் "பொய் சொல்லாதே" என்று அதட்டுகிறார்கள். சிலர் மனதில் ஏதோ கோளாறு என்று பதறுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். மிட்டு அந்தக் குழந்தையின் கற்பனைத் தோழன், அவ்வளவுதான்.

இது அபூர்வமே இல்லை. ஓரிகான் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்கு எப்போதாவது ஒரு கற்பனைத் தோழர் இருந்திருக்கிறார். பேர் வைத்து, குணம் கொடுத்து, போகுமிடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரியும் கரடி பொம்மையும் இந்தக் கணக்கில் சேரும்.

குழந்தை இதை நிஜமென்று நம்புகிறது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஆய்வாளர்கள் தோழனைப் பற்றி மும்முரமாகக் கேள்வி கேட்கும்போது, இது சும்மா விளையாட்டுதான் என்று குழந்தைகளே எடுத்துச் சொன்னதும் உண்டு. தெரிந்தே விளையாடுகிற குழந்தையைப் பொய்யன் என்று திட்டுவது அநியாயம்.

மிட்டு குழந்தையின் சொத்து. அவன் வருவதும் போவதும் என்ன பேசுவதும் குழந்தையின் முடிவு. "மிட்டு சமத்தா சாப்பிட்டுட்டான் பாரு, நீயும் சாப்பிடு" என்று பெரியவர்கள் நடுவில் புகுந்தால் "மிட்டு சாப்பிடலையே, அவன் தூங்குறான்" என்று பதில் வரும். எல்லாவற்றுக்கும் பிறர் சொல்கேட்டு நடக்கும் வயதில், அதன் சொல் செல்லுபடியாகிற ஒரே இடம் அது. அதையும் பிடுங்கலாமா?

அடுத்தது பழி போடுவது. சுவரெல்லாம் கிறுக்கல், கேட்டால் "நான் இல்ல, மிட்டு". யார் செய்தது என்று விசாரணை நடத்தினால் அரைமணி நேரம் அழுகைதான் மிச்சம். ஈரத்துணியைக் கையில் கொடுத்து, "சுவர் அழுக்காயிருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து துடைங்க" என்றால் போதும். கூட நின்று நீங்களும் ஒரு ஓரத்தைத் துடையுங்கள்.

மிட்டுவுக்குக் காலித் தட்டு வைக்கலாம், சோறு போட்டு வீணாக்க வேண்டாம். மிட்டு செருப்பு போடவில்லை என்று வாசலில் நின்றால் ஒரு நிமிடம் கொடுங்கள், பிறகு கிளம்பிவிடுங்கள்.

காது கொடுத்துக் கேட்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. "மிட்டுவுக்கு இருட்டுன்னா பயம்" என்று வந்தால், பெரும்பாலும் அது சொல்கிறவரின் பயமாகவே இருக்கும். உடனே "உனக்குத்தானே பயம்?" என்று மடக்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "என்ன செஞ்சா அவனுக்குப் பயம் போகும்?" என்று கேளுங்கள். விளக்கைப் போட்டு வைக்கணும், கதவைத் திறந்து வைக்கணும் என்று வழியை அதுவே சொல்லும்.

சொன்ன பேச்சைத் தோழன் கேட்பதில்லை, சண்டை போடுகிறான் என்ற புகார்களும் சாதாரணம்தான். ஆனால் தன்னையோ பிறரையோ அடிக்கச் சொல்கிறான், அவனை நிறுத்த முடியவில்லை என்று குழந்தை நடுங்கினால், மற்ற பிள்ளைகளோடு விளையாடுவதையே விட்டுவிட்டால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். என்றைக்கு, என்ன சொன்னது என்று குழந்தையின் வார்த்தையிலேயே எழுதி எடுத்துப்போங்கள். யாரோ ஒரு பெரியவர் மிட்டுவுக்கு வலிக்கும்படி ஏதோ செய்கிறார் என்று குழந்தை சொன்னால், பெயர்களை நீங்களாக அடுக்கிக் கேட்காமல், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டு முழுசாகச் சொல்லவிடுங்கள். கேட்டதோடு விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மிட்டு சொல்லாமல் கொள்ளாமல்தான் போவான். பேச்சு குறையும், ஒருநாள் நின்றே போகும். "மிட்டு எங்கே?" என்று நீங்களாக இழுக்க வேண்டாம். "அவன் வேற வீட்டுக்குப் போயிட்டான்" என்று குழந்தையே சொன்னால், "அப்படியா, சரி" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.