நாய் பின்னங்காலை இழுப்பதெல்லாம் மூட்டுத் தேய்மானம் அல்ல

வயதான பெரிய இன நாய் பின்னங்காலை இழுத்து நடந்தால் அது மூட்டுத் தேய்மானமே, வலி மாத்திரை போதும் என்று ஒருவர் எழுதியதைப் பலரும் வழிமொழிந்திருக்கிறார்கள். தேய்மானம் பரவலானதுதான், ஆனால் அதில் நாய் பொதுவாக நொண்டும், எழுந்திருக்கத் தயங்கும். பாதம் மடங்கித் தரையில் உரசுவது பெரும்பாலும் நரம்புக் கோளாற்றின் அடையாளம். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில், பொதுவாக 8 வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோ தலைகாட்டும் முதுகுத்தண்டுச் சிதைவு நோயில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு மெல்லச் சிதைவது) வலியே இருப்பதில்லை என்பதால், வலி மாத்திரையால் அதற்குப் பயன் கிடையாது.

இதை வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். வழுக்காத தரையில் நாயை நிற்கவைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பின்பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மெல்ல மடக்கி விடுங்கள். நரம்பு நலமாக இருந்தால் பாதம் அக்கணமே நிமிர்ந்துவிடும். அப்படியே மடங்கிக் கிடந்தாலோ தாமதித்தாலோ ஐயம் கொள்ள வேண்டும். நடுவிரல் நகங்களின் மேற்புறம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள் (என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்). முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தினாலும் இதே போலத் தோன்றும், ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டில் எது என்பதைக் கால்நடை மருத்துவர் செய்யும் நரம்புப் பரிசோதனையும் ஸ்கேனுமே பிரித்துக் காட்டும்.