சர்வரை மூடினால் என் கேமும் போச்சா?

‘தி க்ரூ’ என்று ஒரு கார் பந்தய கேம். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. மொத்த அமெரிக்காவையும் சுருக்கி ஒரே வரைபடத்தில் அடக்கியிருப்பார்கள். நியூயார்க்கில் கிளம்பினால் லாஸ் ஏஞ்சலஸ் வரை நிற்காமல் ஓட்டலாம். யாரோடும் மோதாமல் தனியாக ஊர் சுற்றினாலும் கம்பெனி சர்வரோடு இணைப்பு இருந்தே ஆகவேண்டும். 2024 மார்ச் இறுதியோடு அந்த சர்வரை மூடிவிட்டார்கள். அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை, பலருடைய கணக்கில், வாங்கிய கேம்கள் இருக்கும் லைப்ரரியில் இருந்த விளையாடும் உரிமத்தையும் (லைசன்ஸ்) ரத்து செய்தார்கள். டிஸ்க்காக வாங்கியவர்களுக்கும் அதே கதிதான்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வந்து, “நீ வாங்கியது லைசன்ஸ்தானே, நிபந்தனைகளைப் படிக்கவில்லையா?” என்பார். சரி, லைசன்ஸ்தான். வாடகை வீட்டுக்குக்கூட அக்ரிமென்ட்டில் 11 மாதம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். முழு விலை வாங்கிக்கொண்டு விற்கும் கேமுக்கு மட்டும் தேதியே கிடையாதா?

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், ‘வாங்குங்கள்’ என்று பட்டன் வைத்து டிஜிட்டல் பொருளை விற்கக் கூடாது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் அதற்கு முன்பே பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. பலர் இதை வெற்றி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வரியால் எனக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. நாளைக்கு “அன்றைக்கே சொன்னோமே” என்று கம்பெனி கைகழுவ வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

சர்வரைக் காலத்துக்கும் ஓட்ட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதை யாரும் கேட்கவே இல்லை. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024-இல் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பதெல்லாம், மூடும்போது வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட ஒரு வழி விட்டுப் போங்கள் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் ஆதரவு திரட்டிய மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து போதும். அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இத்தனை சத்தத்துக்கு அப்புறம் ‘தி க்ரூ 2’-க்கு அதே யூபிசாஃப்ட் ஆஃப்லைன் வசதி கொடுத்தது. அப்படியானால் முடியாத காரியம் இல்லை, மனசு இல்லை.

சோனி ‘கான்கார்ட்’ கேமை 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டு, போணியாகாமல் செப்டம்பர் 6-இல் மூடியது. வாங்கிய அத்தனை பேருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. தோல்வியிலும் அது மரியாதையான வேலை.

பழைய கேமை மறுவிற்பனை செய்யும் உரிமைக்காக பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம் மீது வழக்குப் போட்டு 2019-இல் ஜெயித்து, 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது. அது எனக்குப் பெரிய கவலை இல்லை. விற்க வேண்டாம், விளையாட விட்டால் போதும்.

இப்போதெல்லாம் தனியாக விளையாடும் கேம் என்றால் முதலில் ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம், அப்புறம் யார் கடையை மூடினாலும் கவலை இல்லை. பாதி நேரம் நான் தேடுவது அங்கே இருக்காது, அது வேறு விஷயம்.

ஆன்லைன் இல்லாமல் ஓடாத கேமை விற்கிறீர்களா, குறைந்தது எந்த வருடம் வரை ஓடும் என்று விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முழு விலை கொடுப்பதா, தள்ளுபடிக்குக் காத்திருப்பதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.