காதால் கேட்டால் கணக்கில் வராதா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், எந்த அரங்கம், பேசியவர் யார் என்ற விவரங்களுக்குள் நான் போகவில்லை. அவர் மூத்த எழுத்தாளர், நான் மதிப்பவர், இன்றைக்கும் மதிக்கிறேன் என்றே சொல்லிக்கொள்கிறேன். கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, தான் அண்மையில் ஒலிநூலாகக் கேட்ட அந்த நகைச்சுவைத் துப்பறியும் நாவலைக் குறிப்பிட்டு, இத்தகைய நூல்களைப் பற்றி ஐயா என்ன நினைக்கிறீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டார். "முதலில் எதையாவது படித்துவிட்டு வாருங்கள் அம்மா, காதில் விழுவதெல்லாம் வாசிப்பு ஆகிவிடாது, அதிலும் சிரிப்புத் துப்பறியும் கதையா?" என்று பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். அதே நாவலை அதே வடிவத்தில் கேட்டு முடித்தவள் நான். மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன்.

ஒரு நாவலை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை விடாமல் காதால் கேட்டவர் அந்த நாவலைப் படித்தவர்தான். இதைச் சொல்ல ஒரு பதிவு தேவைப்படுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரபு மரபு என்று மேடைதோறும் முழங்குகிறவர்களுக்கு, நம் நூல்கள் அவையில் ஓதி அரங்கேறியவை என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் தொல்காப்பியத்தைக் கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசானும் இந்தக் கணக்கின்படி வாசகர் இல்லை போலும். அவரையும் முதலில் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1951 கணக்கெடுப்பின்போது இந்தியாவின் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வார இதழ்த் தொடர்கதைகளுக்கு அத்தனை பெரிய ரசிகர் கூட்டம் எப்படி வந்தது? திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்க, வீடும் அண்டை வீடும் கேட்டன. அவர்களை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு நம் பொற்காலத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

துப்பறியும் கதைக்கும் ஒலிநூலுக்கும் இருக்கும் உறவும் நேற்று வந்தது இல்லை. முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களை முன்னிட்டு, 1935 நவம்பரில் பிரிட்டனில் பேசும் நூல்கள் தொடங்கப்பட்டபோது, முதலில் அனுப்பப்பட்ட தலைப்புகளில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் இருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம்தான் கொள்ளும். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் போலத் தேவைப்பட்டன. கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள, தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களிடம் போய், 'நீங்கள் படிக்கவில்லை' என்று சொல்லும் துணிச்சல் நம் மூத்தவருக்கு இருக்குமா?

அந்த நாவலுக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககம். சங்கப் பொருளாளர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறந்து கிடக்கிறார். துப்பறிகிறவர் ஓய்வுபெற்ற தபால் நிலைய எழுத்தர் அம்மாள் ஒருவர். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் சந்தேகப்படுகிறவர்களின் பெயர்களை எழுதி வைக்கிறார், மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் குழம்பிவிடுகிறது. ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு விசாரணைக் காட்சி. வந்திருப்பவரிடம் அந்த அம்மாள் "மோர் சாப்பிடுறீங்களா?" என்று மூன்று முறை கேட்கிறார். அச்சில் அது மூன்று இடத்திலும் ஒரே வரி. ஒலிநூலில் முதல் முறை அது உபசாரம். இரண்டாம் முறை, பேச்சை மாற்ற முயல்கிறவரை நகரவிடாமல் பிடித்து வைப்பது. மூன்றாவதற்கு முன்னால் கதைசொல்லி ஒரு மூச்சளவு நிறுத்துகிறார், பிறகு அதே சொற்களை அதே கனிவோடு சொல்கிறார். அந்த அம்மாள் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று நமக்கு உறைக்கிறது. என்ன கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதைவிட, அந்தக் காட்சியில் நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முக்கியமான துப்பு ஒன்று நம்மைக் கடந்து போய்விடுகிறது. அச்சு நூலில் விட்டதைப் பக்கம் புரட்டித் தேடிக்கொள்ளலாம். காதில் கேட்கிறவர் உடனே பிடிக்க வேண்டும். அப்படியானால் கூடுதல் கவனம் யாருக்குத் தேவை, ஐயா?

பெரம்பூரில் இருக்கும் என் சித்திக்குச் சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டு, அச்செழுத்து கலங்கித்தான் தெரிகிறது. அவருக்கு இந்த நாவலைக் கைப்பேசியில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தச் சொல்லி, "அந்த மூணாவது மாடிப் பையன் குரலே சரியில்லைடி, அவன்தான் பண்ணியிருக்கான்" என்றார். அது சரியா தவறா என்று இங்கே எழுத முடியாது. ஆனால் ஒருவருக்கு மட்டும் அப்படிக் குழைந்த குரலைக் கொடுத்தது ஏன், பரம சாதுவாகப் பேசும் இன்னொருவரின் குரலில் எதுவுமே தெரியாமல் பார்த்துக்கொண்டது எப்படி என்பதெல்லாம் கடைசி இரண்டு அத்தியாயங்களில்தான் விளங்கும். குற்றவாளியின் பேச்சில் இம்மியளவு குற்றம் ஏறினாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். மேடை நாடகத்தில் பழகிய குரல் அது, தெரிகிறது.

கவனம் சிதறுமே என்பார்கள். புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லையா? இந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் நேரமில்லை. கதைசொல்லி தன் குரலால் பொருளைத் தீர்மானித்துவிடுகிறார், கேட்பவரின் கற்பனைக்கு இடமில்லாமல் போகிறது என்பது கொஞ்சம் கனமான வாதம். சில நூல்களுக்கு அது பொருந்தவும் செய்யும்; மனத்துக்குள்ளேயே நடக்கும் நாவல்களை ஒருவர் நடித்துக் காட்டினால் எனக்கும் பிடிப்பதில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 'முடித்துவிட்டேன்' என்கிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு, அந்த வேகத்தில் முதலில் சாவது நகைச்சுவைதான். ஆனால் நகைச்சுவைத் துப்பறியும் கதை பேச்சில் வாழ்வது. நாக்கில் புரண்டால்தான் அதற்குச் சுவை. கண்ணால் படித்தபோது புன்னகைத்த இடங்களில், காதால் கேட்டபோது ரயிலில் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

ரயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பது இங்கே பலருக்குத் தெரியும். காலை முதல் மாலை வரை பிறர் எழுத்தில் ஒற்றுப் பிழை தேடிய கண்களை, திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயிலில் ஏறியதும் மூடிக்கொள்கிறேன். வேளச்சேரி வரும்வரை எனக்குக் காது மட்டும்தான். இப்படிப்பட்டவளுக்கு வாசகி என்ற பெயர் கிடையாது என்றால் கிடையாதுதான், என்ன செய்ய? அன்றைக்குச் சிரித்தவர்களில் இருவருடைய நூல்கள் என் மேசைக்கு வந்து போனவை. அவற்றை நான் கண்ணால்தான் படித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. எத்தனை சந்திப் பிழை என்று இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்வதாக இல்லை.

உண்மையில் அவருக்குக் காது ஒரு சாக்கு என்றே இப்போது தோன்றுகிறது. ஒரு கனமான வரலாற்று நாவலை ஒலிநூலாகக் கேட்டேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் மேடையிலிருந்து பாராட்டுக் கிடைத்திருக்கும். கேட்டது சிரிப்புக் கதை, அதுவும் துப்பறியும் கதை, அதனால்தான் இந்த ஏளனம். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை இவர்கள் மறந்துவிட்டார்களா? பெரிய மூக்கும் அசட்டுக் களையுமாக ஒரு வங்கி குமாஸ்தா, தன்னை அறியாமலேயே மர்மங்களை விடுவிப்பார். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நம்புவார், வீட்டில் மனைவி வேம்பு என்ன நினைப்பார் என்பது தனிக் கதை. எழுதியவர் 1957இல் மறைந்தார், சாம்பு இன்னும் அச்சில் இருக்கிறார். கனமான நாவல்களை எழுதிய எத்தனை பேருக்கு அது வாய்த்தது என்று நான் கேட்டால் அது அகம்பாவம் ஆகிவிடும், கேட்கவில்லை.

அந்த இளம்பெண் யார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தால் என் பக்கத்து இருக்கை அவருக்குத்தான்.

பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்கள் ஒன்பதாவது அத்தியாயம் வரையிலாவது கேட்டுவிட்டு வாருங்கள். குற்றவாளியின் பெயரை மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். சித்திக்கு இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி இருக்கிறது, என் பதிவுகளைத் தம்பி அவருக்குப் படித்துக் காட்டுகிறான்.