பிளக்கை மாற்றினால் மட்டும் போதாது

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய அப்ரைட் (நின்றபடி தள்ளிச் சுத்தம் செய்யும்) வேக்குவம் கிளீனருக்கு நம்மூர் பிளக்கை மாட்டி விற்றுவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே பெங்களூரில் 230. மோட்டார் தாறுமாறான வேகத்தில் சுற்றிக் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட், 12 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க 1440 வாட். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, 2000 வாட் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் கருவி) வேண்டும், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விசாரியுங்கள். பயணத்துக்கு எடுத்துப்போகும் சின்ன அடாப்டர் வோல்டேஜைக் குறைக்கவே குறைக்காது. மின்சாரம் இங்கே 50 ஹெர்ட்ஸ், அங்கே 60 ஹெர்ட்ஸ் என்ற வித்தியாசம், இதுபோன்ற கிளீனரில் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்குப் பெரிய விஷயமில்லை.

விற்பதற்கு முன் பெல்ட், ஃபில்டர் மாற்றுவதெல்லாம் சரி. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் விற்றால், ஆபத்து வாங்குபவர் வீட்டுக்குத்தான் போகிறது.