மற்றும் களப்பணியாளர்கள்

சனிக்கிழமை நடந்த சுகாதாரத் துறைக் கூட்டத்தைப் பற்றி மறுபடி முழுவதும் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். கேடயம் நம் வட்டாரத்துக்கு வந்தது, மகிழ்ச்சி. மேடையில் 11 பெயர்கள் வாசிக்கப்பட்டன. பந்தல் போட்டவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார்கள். அது நியாயம், அவரும் வெயிலில் நின்றவர்தான். அதன் பிறகு தாளை மடித்துக்கொண்டே "மற்றும் களப்பணியாளர்கள்" என்று முடித்துவிட்டார்கள். அந்த 'மற்றும்' என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் 26 கிராம சுகாதாரச் செவிலியர்கள் உட்கார்ந்திருந்தோம்.

அதை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன், 22 ஆண்டுகளாகப் பழகியதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஊக்க உரை நடந்ததே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பாராட்டை எதிர்பார்க்கக் கூடாதாம். நமக்கு நாமே கைதட்டிக்கொள்ள வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார் பேச வந்தவர். விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்த பெண்கள் கண்ணை மூடிச் சொன்னோம். முடியும் என்று தெரியாமலா இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறோம்?

எங்களுக்கு ஊக்கம் குறையவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குறைந்திருப்பது எங்கள் பெயரைச் சொல்லும் மனம். அந்தக் குறையை எங்கள் மனக்குறை என்று மாற்றிச் சொல்லி, அதற்கு ஒரு பயிற்சியும் வைத்தால், அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும், தடுப்பூசி மருந்தை எடுத்துச் செல்லும் குளிர்பெட்டியான வேக்சின் கேரியருக்குள் வைத்துவிடக் கூடாது. வெளியே அடுக்கி, அது வியர்க்கும் வரை காத்திருக்க வேண்டும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன் வைத்தால், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்து உறைந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போடலாம், குழந்தை அழும், அட்டையில் தேதி எழுதலாம், கணக்கும் சரியாக இருக்கும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. தவறு செய்தால் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, சரியாகச் செய்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் முழுவதும் நான் காத்திருக்கிறேன். 22 ஆண்டுகளாக ஒவ்வொரு புதன்கிழமையும் காத்திருக்கிறேன். இதற்குப் பெயர் ஊக்கம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

"சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா, அதுதான் அங்கீகாரம்" என்று ஒருவர் சொல்வார். யார் என்றுகூடத் தெரியும், எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். சம்பளம் வேலைக்கான கூலி. அதை நான் குறைத்துப் பேசவில்லை, என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள். ஆனால் கேடயம் வாங்கியவர்களும் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே? அவர்களுக்குச் சம்பளமும் வேண்டும், சால்வையும் வேண்டும், எங்களுக்குச் சம்பளமே போதும் என்றால் அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. என் பொறுப்பில் இருப்பது ஏழாயிரத்துக்கும் மேல். விதிக்கு மேல் இருக்கும் அந்த மக்களுக்காக நான் செய்யும் வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? நான் கேட்டதே இல்லை. இனியும் கேட்கப்போவதில்லை. பெயரைத்தான் கேட்கிறேன்.

எல்லோருடைய பெயரையும் வாசிக்க நேரம் ஏது என்பார்கள். 26 பெயர்களை வாசிக்க இரண்டு நிமிடம் போதும்.

"உங்களில் சிலர் வீட்டுக்குப் போகாமலேயே பதிவேட்டை நிரப்புகிறார்களே" என்று கேட்டால் அதற்கு எனக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும். உண்மை. அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஆனால் நேரில் போனவளும் போகாதவளும் ஒரே 'மற்றும்' ஆகிவிட்டால், நாளை மூன்றாவது ஒருத்தி ஏன் போக வேண்டும்? இதை யாராவது யோசித்தார்களா?

நானும் ஒருமுறை உடைந்தேன். 2021 செப்டம்பரில் தொடங்கி, முதலில் ஞாயிறுதோறும் கொரோனா தடுப்பூசி மெகா முகாம்கள் நடந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. அதில் ஒரு நாள் பதிவேற்றியதில் ஒருவருடைய விவரம் மாறிவிட்டது. ஊசியில் தவறில்லை, பதிவில்தான் தவறு. ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வைத்துக் கேட்டார்கள். எத்தனை ஆயிரம் ஊசி போட்டேன் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் சொன்ன வேலையை மட்டும் செய்தேன். ஊசியைப் பிடித்தால் கை நடுங்கியது. எனக்கு இந்த வேலை தெரியாதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பிழையை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தால், தன்னைப் பற்றித் தனக்கே தெரிந்தது மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது.

என்னை மீட்டது எந்த உரையும் இல்லை. ஓய்வுபெறும் நிலையில் இருந்த, எங்கள் வேலையை மேற்பார்வையிடும் செக்டார் செவிலியர் அக்கா ஒரு மாலை துணை நிலையத்துக்கு வந்து, பழைய தாய்மார் பதிவேடுகளை இறக்கச் சொன்னார். "எண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேரும் இருட்டும் வரை உட்கார்ந்து எண்ணினோம். ஒவ்வொரு வரியிலும் ஒரு முகம் வந்தது. அன்றிரவு ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். இன்றைக்கு ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. அன்று சரியாக நடந்த ஒன்றை மட்டும் ஒரு வரியில் எழுதுவேன். "மேலத்தெரு, ரத்த அளவு 7.2லிருந்து 10.1" என்பது போல.

அந்த மேலத்தெருப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம் ஹீமோகுளோபின், அதாவது ரத்த அளவு, 7.2தான்; கர்ப்பிணிக்கு அது குறைவு. இரும்புச்சத்து ஊசி மருந்து ஏற்ற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர மாட்டேன் என்றாள். மாமியார் கதவையே திறக்கவில்லை. மூன்று முறை போனேன், நான்காவது முறை கூடவே ஆட்டோவில் அழைத்துப் போனேன். எட்டாம் மாதம் 10.1. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனாள். பிரசவம் அந்த ஊர்க் கணக்கில் ஏறியது. இது எங்கள் எல்லாருக்கும் நடப்பதுதான். ஏழு மாதம் நாம் பார்த்த தாய், இன்னொரு ஊரில் நல்லபடியாகப் பெற்றெடுப்பாள், அதைக் கேட்டு நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பஸ் நிலையத்தில் பிள்ளையோடு நின்றாள். "நர்ஸம்மா, அன்றைக்கு என்னை எப்படித் திட்டினீர்கள்!" என்றாள். எனக்கு நினைவிருந்தது 7.2. அவளுக்கு நினைவிருந்தது நான் திட்டியது. ஆனாலும் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

மத்திய அரசின் 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்கு மகப்பேறு மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த இடைவெளியை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், பெருமைதான். மருத்துவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது, 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் உழைப்பு இருக்கிறது. மேலத்தெருவுக்கு நான்கு முறை நடந்ததும் அதில் இருக்கிறது. அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

எனக்காக மட்டும் எழுதுவதாக நினைக்காதீர்கள். எனக்கு நோட்டு இருக்கிறது, நான் ஓட்டிவிடுவேன். சனிக்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். இறங்கும் நேரத்தில் கேட்டாள்: "அக்கா, ஐஸ் பேக்கில் தண்ணீர்ச் சத்தம் வரும்வரை காத்திருக்கிறோமே, அதை யார் பார்க்கிறார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று நாளாக அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. அவள் சோம்பேறி இல்லை. மழையில் ஓடை தாண்டிப் போய் 45 நாள் குழந்தைக்கு முதல் தவணை போட்டுவிட்டு வந்தவள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்திருக்கக் கூடாது. அதை வர வைத்தது யார் என்று அந்த மேடையில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்திலும் 'மற்றும்' என்று வாசிப்பார்கள். அப்போது நான் எழுந்து நிற்பேன். அவள் பெயர், அவள் துணை நிலையத்தின் பெயர், பிறகு மீதி 24 பேரின் பெயர்கள். மனப்பாடமாக இருக்கிறது. மைக் வேண்டாம். தெருவில் நின்று குரல் கொடுத்தே தாய்மார்களை வெளியே வரவழைத்த தொண்டை இது, அந்த அரங்கத்துக்குப் போதும்.