நாலு விரல் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை இங்கே பலரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மஸ்டா ரோட்ஸ்டரின் (இரண்டு பேர் போகிற, மேல் திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு, "நாலு விரல் போகுது மச்சான், இது ஜீப்பா?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். எரிச்சல் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

சரி, சொல்லிவிடுகிறேன். காரைப் பதிக்காமல், அதாவது நிலத்தோடு தாழ்த்தாமல், அந்த இடைவெளியைத் தெரிந்தேதான் விட்டேன். கொழும்பில் ஓடுகிற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலில் ஷொக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சோர்பர்). உயரம் கடைசி.

1989இல் மஸ்டா இந்தக் காரைக் கொண்டுவந்தபோதே நாலு சில்லுக்கும் டபுள் விஷ்போன் (சில்லை மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் சஸ்பென்ஷன்) கொடுத்துவிட்டது. ஆரம்ப மொடலின் எடை ஆயிரம் கிலோகூட இல்லை. இவ்வளவு இலேசான கார் மென்மையான ஸ்பிரிங்கிலேயே அழகாகத் திரும்பும். இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சில்லு மேலே ஏறி இறங்குவதற்கான இடம் கம்பனியிலிருந்து வரும்போதே கொஞ்சம்தான். ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு அங்குலம் பதித்தால் அந்தக் கொஞ்சமும் போச்சு. அப்புறம் காரைத் தாங்குவது, சில்லு ஏற இடம் முடிகிற இடத்தில் இருக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர்தான். வளைவில் பாதி போகும்போது பின்பக்கம் அதில் போய் முட்டினால், அந்தக் கணத்தில் ரயரின் பிடி விடும். மழை நேரத்துப் பேஸ்லைன் வீதியில் அதை அனுபவித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் பதிக்கலாம்.

"பதித்த கார் சாயாது, அதனால் வேகமாகத் திரும்பும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணை, சாய இடமில்லாமல் சாயாமல் நிற்பதை எல்லாம் ஹாண்ட்லிங் என்று சொல்லாதீர்கள். அதிவேகப் பாதையில் பதித்த கார் நன்றாகத்தான் இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து அந்தப் பாதையில் ஏறும் கொட்டாவைக்குப் போய்ச் சேரும்வரை என்ன செய்வீர்கள்? தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி அரைகுறையாக மூடிய ஒழுங்கைகள், பள்ளத்தில் கிடக்கும் மான்ஹோல் மூடி, மழைக்கு மறுநாள் புதிதாகப் பிறக்கும் கிடங்குகள். என் கார் ஓடுவது இதில்தான்.

"கொயிலோவர் போட்டால் வேண்டிய உயரத்துக்குத் திருகலாமே?" ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த, மரையில் வளையத்தைத் திருகி உயரம் மாற்றும் செட்தான் கொயிலோவர். திருகலாம். கடற்கரைப் பக்கம் குடியிருந்து பாருங்கள். பஞ்சிகாவத்தையில் ஒரு தம்பியின் காரை ஜக்கில் ஏற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். உப்புத்துருவும் சேறும் சேர்ந்து மரையை மூடியிருந்தது. வளையம் அசையவே இல்லை. கராஜ் பாஸ் எண்ணெய் அடித்தார், தட்டினார், கடைசியில் ஸ்பேனர் வழுக்கி அவருடைய விரல்முட்டித் தோல் உரிந்ததுதான் மிச்சம். 'அட்ஜஸ்டபிள்' என்ற ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அந்தக் காரில் போட்டிருந்தது 8 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்க 8 கிலோ. கம்பனி ஸ்பிரிங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வழுவழுப்பான ஓட்டப்பந்தயத் தடத்துக்கு அது சரி. காலி வீதிக்கு?

ஷொக்குக்கும் முன்னால் என் காசு போனது புஷ்களுக்கு, அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்களுக்கு. முப்பது வருசத்து ரப்பர் வெடித்துக் கிடக்கும்போது மேலே என்ன பூட்டினாலும் வீண். புஷ்ஷை யாரும் போட்டோ எடுப்பதில்லை, அதனால் யாரும் மாற்றுவதும் இல்லை. அப்புறம் ரிபவுண்டை (அமுங்கிய ஷொக் திரும்ப நீளுவதன் இறுக்கத்தை) திருகிச் சரிசெய்யக்கூடிய மஞ்சள் கோனி ஷொக். ஸ்பிரிங் கம்பனியுடையதே. ஸ்பிரிங் துள்ளும், அதை அடக்குவது ஷொக்கின் வேலை. பழைய ஷொக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கினால் கார் துள்ளிக்கொண்டேதான் போகும். எத்தனை தரம் சொல்வது? ஸ்பிரிங்குக்கு முதல் ஷொக்.

"ஸ்டைலும் வேணுமே" என்பவர்களுக்கு: வேணும். வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். "அம்மாவை ஏத்தித் திரியிற காருக்கு எதுக்குக் கோனி?" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதி, அதற்கு அத்தனை பேர் சிரிப்புக்குறி போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஆமாம், ஏற்றித்தான் திரிகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு. முழங்கால் வலியோடு அவ்வளவு பதிவான சீட்டில் இறங்கி உட்கார்வதே அவருக்குப் பெரும்பாடு. ஒரு கை கதவில், ஒரு கை என் தோளில். ஷொக் மாற்றியது அவருக்குத் தெரியாது. ஹவ்லொக் வீதியில் போகும்போது, "இப்ப முந்தி மாதிரி இடுப்பில அடிக்கேல்லையடா" என்றார். உங்கள் நாலு விரல் பரிசோதனையைவிட எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த வருசங்களில் கையிலிருந்த பழைய காரைக் காப்பாற்றி ஓட்டியவர்கள் நாங்கள். ஒரு சின்ன ரப்பருக்காகக் கடை கடையாக அலைந்தோம். கதவு திறந்ததும் புதிதாக இறக்கி, வந்த கிழமையே பதித்துக்கொண்டு வந்து நின்றவர்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. பொறாமை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். என் காரை ஜீப் என்று சொல்ல நீங்கள் யார்?

வீடியோவை எடுக்கச் சொல்லி யாரையும் கேட்கமாட்டேன். அம்மாவை இழுத்தவர் மட்டும் இனி என் நட்புப் பட்டியலில் இல்லை. கோனி என்ன விலை என்று இன்பொக்ஸில் கேட்ட தம்பிமார், முதலில் காரைத் தூக்கி உங்கள் புஷ்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், பிறகு விலை கதைப்போம்.